கால்வாய்க்குள் நின்ற என் பேர்

புரட்டாசி, சனி

காலையிலேயே முதுகு பொசுங்கும் வெயில். ஏரி வெடித்துக் கிடக்கிறது, நடுவில் பிள்ளைகள் கிரிக்கெட். வீட்டு போர்வெல்லில் உப்புத் தண்ணீர். குடிக்க லாரித் தண்ணீர்.

பேத்தி திவ்யா கேளம்பாக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் இப்போது டீம் லீடர். சின்னவள் நர்ஸ் படிப்பில் முதல் வகுப்பு. பேரன் குமரனுக்குக் கல்பாக்கத்தில் வேலை, போன தையில் இந்த வீட்டைக் கட்டி என்னையும் கூட்டிவந்தான். சுற்றுச்சுவரில் கருங்கல் பதித்து 'முனியம்மாள் இல்லம்'. அஞ்சாவது படித்தவள் பேர் கல்லில்! திவ்யா குடும்ப குரூப்பில் படம் போட்டாள். மீன்காரிக்கும் காட்டியாகிவிட்டது.

வாங்க: புளி, முட்டிவலித் தைலம்.

ஞாயிறு

மழைத்தண்ணீரை ஏரிக்குக் கொண்டுவரும் கால்வாயைத் தூர் வாரினோம். வழக்கப்படி வீட்டுக்கு ஓர் ஆள். குமரனுக்கு டூட்டி, எங்கள் வீட்டுக்கு நான். கூடை தூக்கினேன், யாருக்கும் குறைச்சல் இல்லை.

எங்கள் வீட்டண்டை வந்ததும் மண்வெட்டி எல்லாம் நின்றது. சுவர் கால்வாய்க்குள் நிற்கிறது. தண்ணீரே பார்க்காமல் தூர்ந்து கிடந்ததால் யாரும் போகாத பழைய வண்டிப்பாதை என்று நினைத்துக் குமரன் கட்டிவிட்டான். பக்கத்து வீட்டு ஏழுமலைதான், "இன்னா பெரிம்மா, தண்ணி வந்தா உன் பேரப் படிச்சிட்டுத் திரும்பிப் பூடுமா?"

எல்லோரும் சிரிப்பு. நானும் சிரித்தேன். கல் இருப்பது சரியாக அந்த இடத்தில்.

சாயங்காலம் குமரனிடம் சொன்னேன், இடிக்கணும் என்று.

"இன்னா ஆயா, ஆசையா உன் பேரு வச்சிக் கட்னது!"

"ஏரி ரொம்பலன்னா போருல உப்புதான்டா. என் பேர நக்கிக்கினு இருப்பியா?"

சாப்பிடாமலே படுத்துவிட்டான். பிடிவாதம். என் பேரன்தானே.

திங்கள்

வானம் மூட்டம், புழுக்கம்.

குமரன் லீவு போட்டான். கடப்பாரையோடு நின்றான். முதல் அடி நான்தான் அடிப்பேன் என்று வாங்கினேன். காரை கூடப் பெயரவில்லை. "தள்ளு ஆயா" என்றான். கல்லை மட்டும் குழந்தையைத் தூக்குவதுபோல் எடுத்தான். மற்றதை ஏழுமலையும் மற்றவர்களும் சேர்ந்து இடித்தார்கள். எல்லோருக்கும் டீ, மசால்வடை.

வாசல் பல்லு போன வாய்போல. பரவாயில்லை.

ஐப்பசி, வெள்ளி

நேற்று மதியம் பிடித்த மழை இப்போதுதான் விட்டது. இத்தனை நாள் ஒரு சொட்டு இல்லை, வந்தால் இப்படிக் கொட்டுகிறது.

காலையில் ஏழுமலை கத்தினான், "பெரிம்மோவ், தண்ணி உன் வூட்டு வழியாத்தான் வந்துகினு கீது!"

ஓடினேன். செம்மண் தண்ணீர், இடித்த சந்தில் நுரைத்துக்கொண்டு நேராக ஏரிக்கு. சுவர் இருந்திருந்தால் தெருவுக்குள் அல்லவா புகுந்திருக்கும். ஏரியில் பிள்ளைகளின் ஸ்டம்பு மிதக்கிறது. குமரன் பேண்ட்டை மடித்துவிட்டு, அவனே வெட்டிய கால்வாயைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றான்.

குரூப்பில் இன்னும் பழைய படம். திவ்யா நாளைக்கு வருகிறாள், வந்ததும் சொல்லணும். கல்லைக் கால்வாய்க் கரையில் சாய்த்து வைத்திருக்கிறோம். என் பேரும் தெரியணும், பின்னால் தண்ணீர் ஓடுவதும் தெரியணும். புதுசா ஒரு படம் எடுத்துப் போடும்மா, உடனே.