தம்பி வாங்கும் தோட்டா மெஷின்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

கனடாவிலிருந்து தம்பி பிரதீபன் போனில் கதைத்தான். மான் வேட்டையில் சுட்டு வெறுமையான ரவைக் கோதுகளுக்கு வீட்டிலேயே மறுபடி வெடிமருந்து நிரப்பப் போகிறானாம். அங்கே அதற்குத் தடையில்லை, பயப்படாதீர்கள்.

"அக்கா, ஒவ்வொண்டா நிரப்பிற மெஷின் வாங்கவா, கெதியா நிரப்பிறதை வாங்கவா?"

"மெல்லக் கதையடா!" என்று ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன்.

"உங்கட வெள்ளவத்தை வீட்டில ஆரக்கா ஒட்டுக் கேக்கினம்?" என்று சிரித்தான்.

ஆமி சோதனைக்கு வருமுன் அப்படியொரு கோதை நீங்கள் கிணற்றில் போட்டபோது அவன் கைக்குழந்தை. ஒவ்வொன்றாக நிரப்புவதையே வாங்கச் சொன்னேன். அதில் அவசரப்பட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை உங்களிடமும் சொல்வான். ஏசாதீர்கள், அம்மா. பயமில்லாமல் அதைப் பற்றிக் கதைக்க நம் வீட்டில் ஒருவனுக்காவது முடிகிறது.

மிளகாய்த்தூள் முடிந்துவிட்டது. பஸ்ஸில் கொடுத்து அனுப்பாமல் இந்த முறை நீங்களே கொண்டு வாருங்கள். வேலைக்கு நேரமாகிறது.

மகள்,
துஷ்யந்தி