அக்கா, உன் பெயரில் வோட்டுக் கேட்டார்கள்

என் பரமேஸ் அக்காவுக்கு,

சுகம் விசாரிக்கிற கடிதம் இல்லை இது. சிவபதம் அடைந்தவளுக்குச் சுகத்தில் என்ன குறை? மூட்டுவலியும் இல்லை, பனிக்காலமும் இல்லை. எனக்குத்தான் வயிறு எரிகிறது. அதனால் உனக்கு எழுதுகிறேன். எழுதியதைப் பத்திரிகைக்கும் கொடுக்கிறேன், இங்கே ஸ்காபரோவில் இருக்கிற எங்கள் சனம் நாலு பேர் வாசிக்கட்டும் என்று.

செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாநகரசபைத் தேர்தல் முடிந்தது. உன் கவுன்சிலர் மறுபடியும் வென்றுவிட்டார். அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அதுவும் அவருக்கு ஒரு விளம்பரம்.

"உன் கவுன்சிலர்" என்று நான் சொல்வது குத்திக்காட்டத்தான். போன தேர்தலில் அவர் முதன்முதலாக வோட்டுக் கேட்டபோது, முழங்காலில் பட்டி கட்டிக்கொண்டு உன் சீனியர்ஸ் பில்டிங்கில் கதவு கதவாகத் தட்டினவள் நீ. அவருக்காக வேலை செய்த பொடியளுக்கு மரக்கறி றோல்ஸ் பொரித்துக் கொடுத்தாய். வாக்குச்சாவடிக்குப் போக வழி தெரியாதவர்களைக் கையில் பிடித்துக் கூட்டிப்போனாய். எல்லாம் எதற்காக? பில்டிங்குக்கு முன்னால் இருக்கிற பஸ் தரிப்பிடத்துக்கு ஒரு கூரையும் உள்ளே இருக்க ஒரு வாங்கும் போட்டுத் தருவேன் என்று அவர் சொன்ன ஒரு சொல்லுக்காக. அந்தக் கூரை இன்னும் வரவில்லை, அக்கா. போன கிழமை பெய்த ஐஸ்மழையில் உன் சிநேகிதிகள் கடைப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றார்கள்.

நீயும் சும்மா இருந்தவளில்லை. அவருடைய ஒஃபிசுக்கு எத்தனை தரம் ரெலிபோன் எடுத்திருப்பாய்! ஒவ்வொரு முறையும் ஒரு பெண்பிள்ளை, "உங்கட மெசேஜ் அவருக்குப் போகும், அன்ரி" என்று தேன் ஒழுகச் சொல்லும். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குச் சில நாள் முந்தி, என் சமையலறையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நீ சொன்னாய்: "லோகா, இந்தமுறை யோசிச்சுத்தான் போடவேணும்." அவ்வளவுதான் சொன்னாய். ஆருக்கு என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

பிறகு நிமோனியா வந்தது. மூச்சுக்காக உன் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன அன்றோடு உன் சத்தம் நின்றது. நான் பக்கத்தில் இருந்து பதிகம் படிப்பேன். ஒரு வரியை விட்டுவிட்டால் உன் விரல் போர்வையில் தட்டும். அந்தத் தட்டுதான் நீ கடைசியாகப் பேசிய பேச்சு. பில்டிங் ஆட்களுக்கு நாங்கள் குழாயைப் பற்றிச் சொல்லவில்லை. "அக்காவுக்கு ஏலாமல் கிடக்குது" என்பதோடு நிறுத்திக்கொண்டோம். அந்தக் கோலத்தில் உன்னை வந்து பார்ப்பதை நீ விரும்பியிருக்கமாட்டாய்.

அப்படிப் பேச்சற்றுக் கிடந்த உன்னைத்தான், அக்கா, அந்த மனிதர் பேசவைத்தார்.

முப்பத்தோராம் நாள் கிரியைக்குக் கோயில் மண்டபம் எடுத்திருந்தோம். உன் மகன் சுதன் வந்தவர்களைக் கவனித்தான். சமையலும் செலவுக்கணக்கும் என் பொறுப்பு. எங்கள் சனத்தின் வியாதி உனக்குத் தெரியும்தானே? ஒரு கவுன்சிலர் வாசலில் தலைகாட்டினால் போதும். முன்வரிசையில் இருக்கிற கிழவனை எழுப்பிவிட்டு அவரை இருத்துவார்கள், இருந்தவுடன் மைக்கைக் கையில் கொடுப்பார்கள். செத்தவீடும், பெட்டை பெரியவளான சாமத்தியவீடும் இவர்களுக்கு ஒன்றுதான். உன் நினைவு மலரிலும் அப்படித்தான் நடந்தது. நான் தேடிச் சேர்த்த பதிகங்களுக்கு முன்னால் அவருடைய அனுதாபச் செய்தி. உன் படம் கறுப்பு வெள்ளையில், அவருடைய படம் கலரில்.

நான் குசினிக்குள் பாயசம் கிண்டிக்கொண்டு நிற்கிறேன். ஸ்பீக்கரில் அவருடைய குரல் வருகிறது.

"பரமேஸ் அன்ரி கடைசியா என்னட்டை ஒண்டுதான் சொன்னவ. தம்பி, நீங்கள் திரும்பவும் வரவேணும், அதுதான் என்ரை கடைசி ஆசை எண்டவ."

அகப்பையோடு வெளியே ஓடி வந்தேன். அதற்குள் அவர் அடுத்த மண்டபத்துக்குக் காரில் ஏறிவிட்டார். சுதனைத்தான் பிடித்தேன்.

"மோனை, அம்மா எப்ப அவரோடை கதைச்சவ?"

"விடுங்கோ சித்தி. ஹீ மென்ற் வெல். நல்ல மனசோடை, ஒரு மரியாதைக்குச் சொன்னவர்."

மரியாதையாம்! நீ ஆத்மசாந்தி அடையவேண்டிய நாளில் சண்டை பிடிக்கக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு பாயசம் பரிமாறினேன்.

அடுத்த மாதம் தபால்பெட்டியில் அவருடைய தேர்தல் ஃபிளையர் கிடந்தது. ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் தமிழ். நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்தவளில்லை. லைப்ரரியில் சின்னப்பிள்ளைகளின் புத்தகத்தில் தொடங்கி நானாகப் பழகினேன். அதனால் இரண்டு பக்கத்தையும் வாசிக்க முடிந்தது. ஆங்கிலப் பக்கத்தில் றோட்டுக் குழி, பார்க்கிங், வீட்டு வரி. தமிழ்ப் பக்கத்தில் உன் படம், அதைச் சுற்றி மாலை, கீழே கொட்டை எழுத்தில் "அமரர் பரமேஸ்வரி அம்மாவின் இறுதி விருப்பம்". மற்றச் சனத்துக்குக் குழி மூடித் தருவாராம். எங்களுக்கு மட்டும் செத்த மனுசியைக் காட்டுவாராம். எங்களை என்னவென்று நினைத்தார்?

சரியாகத்தான் நினைத்திருக்கிறார் என்பதுதான் கொடுமை. உன் பக்கத்து வீட்டுக்காரி, மன்னார்ப் பிலோமினா அக்கா, எனக்கு ரெலிபோன் எடுத்தா.

"லோகா, உவனை எனக்குக் கண்ணிலையும் காட்டேலாது. ஆனா பரமேஸின்ரை கடைசி ஆசையெண்டால் நான் என்ன செய்யிறது? ஒரு செபத்தைச் சொல்லிப்போட்டு உவனுக்கே போடப்போறன்."

அவ மட்டுமா? பில்டிங் முழுக்க அதே கதை. சாகிறவளின் ஆசையைத் தட்டினால் பாவம் வருமென்று பயந்தார்கள். அந்தப் பயத்தை அவர் உன் முகத்தைக் காட்டி அறுவடை செய்துகொண்டிருந்தார்.

நானும் அவருடைய ஒஃபிசுக்கு ரெலிபோன் எடுத்தேன். "மெசேஜ் போகும், அன்ரி."

இதற்கிடையில் அவரை எதிர்த்துத் தேர்தலில் நின்றவருடைய ஆள் ஒருவர் என் கோபத்தை எப்படியோ மணந்து பிடித்து வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் ரெலிபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அன்ரி, ஒரு சின்ன வீடியோ. உங்கட அக்கா அவரிலை வெறுத்துப்போய்த்தான் செத்தவ எண்டு சொன்னால் காணும்" என்றார்.

"என்ரை அக்கா வெறுத்துச் சாகேல்லைத் தம்பி, நிமோனியாவிலை செத்தவ. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளிக்கிடும்."

தேத்தண்ணிகூடக் கொடுக்கவில்லை. நம்புவாயோ தெரியாது. வந்தவருக்கு ஒரு மிடறு கொடுக்காமல் அனுப்பியது என் வாழ்க்கையில் அதுதான் முதல்முறை.

தேர்தலுக்கு முந்திய சனிக்கிழமை கவுன்சிலர் உன் பில்டிங்கின் பார்ட்டி றூமுக்கு வந்தார், கையில் ஒரு பெட்டி பற்றிஸ் பலகாரத்தோடு. திருநீற்றைப் பூசிக்கொண்டு நானும் போய்ப் பின்வரிசையில் இருந்தேன். எல்லாரையும் அன்ரி, அங்கிள் என்று கும்பிட்டார். கூரையைப் பற்றி ஒரு மூச்சும் இல்லை. நேரே உன்னிடம் வந்துவிட்டார். "பரமேஸ் அன்ரியின்ரை ஆசை…" என்று தொடங்கும்போது நான் எழும்பினேன்.

"தம்பி, நான் பரமேஸின்ரை தங்கச்சி. அக்கா உம்மட்டை இதை எப்ப சொன்னவ?"

"ஆஸ்பத்திரியிலை இருக்கேக்கை, அன்ரி. ஃபோனிலை சொன்னவ."

"ஆஸ்பத்திரியிலை அவவின்ரை தொண்டையிலை ஓட்டை போட்டுக் குழாய் வைச்சிருந்தது. நான் பக்கத்திலை இருந்தனான். எனக்கே ஒரு சொல்லுச் சொல்ல ஏலாமல் கிடந்தவ உமக்கு எப்பிடித் தம்பி ஃபோன் எடுத்தவ?"

பற்றிஸ் தின்றவர்களின் வாய் நின்றுவிட்டது. ஆனால் அவர் அரசியல்வாதி அல்லவா? உடனே கையை நெஞ்சில் வைத்தார்.

"வாயாலை எண்டில்லை, அன்ரி. அவவின்ரை மனசு எனக்குத் தெரியும். மனசாலை சொன்னவ."

பிலோமினா அக்கா ஊன்றுதடியை நிலத்தில் குத்தினா. "ஓமோ? அங்கை மனசாலை சொன்னது இஞ்சை உமக்கு விளங்கிச்சுதோ? அப்ப நாங்கள் வாயாலை கத்தின பஸ் கூரை மட்டும் ஏன் காதிலை விழேல்லை?"

றூம் சிரித்தது. நீ இருந்திருந்தால் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாய்.

ஆனால் அடுத்த கேள்வியை அவ என் பக்கம் திருப்பினா. "அப்ப லோகா, பரமேஸ் உண்மையிலை ஆருக்குப் போடச் சொன்னவ?"

எல்லாத் தலைகளும் என்னைப் பார்த்தன. நான் ஒரு சொல் சொன்னால் போதும், அக்கா. "உவருக்குப் போடவேண்டாம் எண்டவ" என்றால் நம்பியிருப்பார்கள். தங்கச்சி, கட்டிலடியில் கிடந்தவள், நெற்றியில் திருநீறு வேறு. நீ என் சமையலறையில் சொன்னதைக் கொஞ்சம் இழுத்து நீட்டினாலே காரியம் முடிந்திருக்கும். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. பொய் சொல்லமாட்டாதவள் என்று என்னை நீ நினைத்துக்கொள்ளாதே. அவரைத் தோற்கடிக்க எதையும் சொல்லலாம் என்றுதான் அந்த நேரம் இருந்தது.

"ஆருக்கும் போடச் சொல்லேல்லை" என்றேன். "இந்தமுறை யோசிச்சுப் போடவேணும் எண்டவ. அதுக்குப் பிறகு அவவுக்குப் பேச்சில்லை. நீங்களும் யோசிச்சுப் போடுங்கோ."

அவர் அதையே பிடித்துக்கொண்டு, "அதுதான் நானும் சொல்லுறன், யோசிச்சுப் போடுங்கோ!" என்று கைதட்டினார். கைதட்டினார், அக்கா!

வென்றும்விட்டார். பிலோமினா அக்கா தன் விருப்பத்துக்கு வேறொருவருக்குப் போட்டாவாம். மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. "நீ ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் இந்தப் பில்டிங் மாறியிருக்கும்" என்று அவ இன்றைக்கும் புறுபுறுக்கிறா. சுதன் மறுபக்கத்தில் நின்று கோபிக்கிறான். பெரிய மனிசரை நாலு பேருக்கு முன்னால் அவமானப்படுத்திவிட்டேனாம். இரண்டு பக்கத்தாலும் எனக்கு அடி. சொல்லாமல் விட்டதைப் பற்றிச் சாமியறையில் நின்று யோசித்துப் பார்த்தேன். கவலை வந்தது. வெட்கம் வரவில்லை.

ஆனால் விஷயம் இன்னும் முடியவில்லை. அவருடைய முகநூல் பக்கத்தில் வெற்றிக்கு நன்றி சொல்லி ஒரு படம் போட்டிருக்கிறார். யாருடைய படம் என்று நினைக்கிறாய்? மாலையோடு நீ. "அம்மாவின் ஆசை நிறைவேறியது" என்று எழுதி, கீழே சனம் கைகூப்புகிற சின்னச் சின்னப் படங்களைக் கொட்டியிருக்கிறது.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வருகிற செவ்வாய்க்கிழமை அவருடைய ஒஃபிசுக்குப் போகிறேன். மெசேஜ் விடமாட்டேன், போய்க் கதிரையில் இருப்பேன். உன் படம் அங்கிருந்து இறங்கவேண்டும். நீ அப்படி ஒரு சொல் சொல்லவில்லை என்று அவர் தமிழிலேயே எழுதவேண்டும். அதுவரை ஒவ்வொரு செவ்வாயும் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுப் பஸ் எடுப்பேன். சனம் அவருக்கு நாலு வருஷம் கொடுத்திருக்கிறது. அந்த நாலு வருஷமும் எனக்கும் இருக்கிறது.

உன் வாயில் ஒரு சொல்லும் வைக்காத தங்கச்சி,
லோகா