லிட் என்றால் கதவு

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே வெயில். மேல்காற்று. எண்ணூர் சாலை முழுக்க லாரிப் புழுதி. என் வீட்டுக்காரருக்கு முகவாதம் வந்து இன்றோடு எட்டு நாள். கோணிய வாய் பரவாயில்லை. இடது கண்தான் மூட மாட்டேன் என்கிறது. தூங்கும்போதும் திறந்தே.

டாக்டரிடம் பழைய பாட்டுத்தான்: "லிட், அதான் இமை, இறங்கலம்மா. கண்ணு காஞ்சா கருவிழி புண்ணாயிடும். அப்புறம் டிரெய்லரை மறந்துட வேண்டியதுதான்."

இருபத்திரண்டு வருடமாகத் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிற மனிதர். அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து, "டீ அடிக்கலாமா?" என்கிறார்.

வாங்க: சொட்டு மருந்து, களிம்பு, ஒட்டும் டேப், சாக்பீஸ்.

ஜூலை 10, வியாழன்

இமையில் ஒட்டிய டேப்பைப் பிய்த்துப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போயிருக்கிறார். அங்கே மீன்காரி தேவகி. இவர் சும்மா இமைத்திருக்கிறார். ஒரு கண்தானே மூடும். நான் பள்ளியிலிருந்து வரும்போது கூடையோடு வாசலில் நிற்கிறாள்.

"இன்னாக்கா, உன் வூட்டுக்காரரு என்னப் பாத்து கண்ணடிச்சிகினே கீறாரு! நல்ல மன்சன்னு நெனச்சேன்!"

விளக்கிச் சொல்வதற்குள் தொண்டை வறண்டுவிட்டது. கடைசியில் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இவர் கதவுக்குப் பின்னால். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

ஏழாம் வகுப்புக்கு வாரம் ஒரு ஆங்கிலச் சொல், பொருளும் பிறப்பும். இந்த வாரம் 'லிட்'. டாக்டர் சொன்னதிலிருந்து காதிலேயே நிற்கிறது. அகராதியில் பார்த்தது:

1. பாத்திரத்தின் மூடி.
2. கண்ணிமை.
3. பேச்சுவழக்கில் தொப்பி, ஹெல்மெட்.

பழைய ஆங்கிலத்தில் வாயில், கதவு என்றும் பொருள். அதற்கும் முந்திய வேர், 'சாய்' என்பது. சாய்த்து வைக்கிற கதவு. எங்கள் குளியலறைக் கதவும் அப்படித்தான், உப்புக்காற்றில் கீல் போய், சாய்த்துத்தான் வைக்க வேண்டும்.

நல்ல சொல் என்று சந்தோஷமாக எழுதிவிட்டு நிமிர்ந்தால், ஃபேனுக்கு நேர் கீழே இவர் தூக்கம். இடது கண் ஆவென்று திறந்து. விரலால் இமையை இழுத்து மூடினேன். செத்தவர்களுக்குச் செய்வது இது. வெடுக்கென்று கையை எடுத்தேன். எழுந்ததும் திட்டினேன். எதற்கென்று சொல்லவில்லை.

ஜூலை 16, புதன்

வகுப்பில் கடைசி பெஞ்சு: "கண்ணுக்குக் கதவுன்னா தாழ்ப்பா எங்க மிஸ்?"

வீட்டுக்கு வந்தால் அகராதியின் மூன்றாவது பொருள் என் நாற்காலியில் உட்கார்ந்து டி.வி. பார்க்கிறது. இவர் தலையில் ஹெல்மெட், கண்ணாடியை இறக்கிவிட்டு.

"காத்தும் பூராது, டேப்பும் வாணாம். எப்டி?"

டீ குடிக்க மட்டும் தூக்குகிறார். போதாததற்கு, திங்கட்கிழமை இதே கோலத்தில் வேலைக்குப் போகிறாராம். "ஹெல்மெட் மாட்டிகினு டிரெய்லர் ஓட்டுனா எவன் கேப்பான்?" தலையில் அடித்துக்கொண்டேன். லைசென்ஸை எடுத்து அரிசி டிரம்முக்குள் போட்டாயிற்று.

ஜூலை 22, செவ்வாய்

ஆடிக்காற்று. நேற்று லைசென்ஸைத் தேடி வீட்டைத் தலைகீழாக்கினார். அரிசி டிரம் மட்டும் தோன்றவில்லை. சமைத்தால்தானே!

இன்று கண் ரத்தச் சிவப்பு. ஓடினோம். புண் இல்லை, ஆனால் வருகிற விளிம்பில் நிற்கிறது என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் இவர், "டேப் எங்க கீது?" தானே கேட்டார். ஒட்டும்போது மெதுவாக, "கண்ணு பூட்ச்சின்னா நான் இன்னா பண்ணுவேன் டீச்சரு?"

வண்டியைத் தவிர இவருக்கு வேறொன்றும் தெரியாது. அசையாம இருங்க என்று அதட்டினேன், வழக்கம்போல.

ஜூலை 27, ஞாயிறு

மூட்டம். தூறல் இல்லை. துணி துவைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் தேவகி.

"அக்கா! உன் வூட்டுக்காரரு இன்னிக்கு ரெண்டு கண்ணயும் சிமிட்னாரு! கடையாண்ட நான்தான் மொதல்ல பாத்தேன்!"

நாலு வாரமாக டேப் ஒட்டியது நான். மருந்து விட்டது நான். கத்திக் கத்தித் தொண்டை கட்டியது எனக்கு. பார்த்தது மீன்காரி! ஒரு வார்த்தை வீட்டில் சொன்னாரா மனுஷன்?

சோப்புக் கையோடு உள்ளே போனேன். நாற்காலியில் தூக்கம். இடது இமை தானாக இறங்கியிருக்கிறது. அடியில் ஒரு நூலளவுதான் வெள்ளை. விரலைக் கிட்டே கொண்டுபோனேன். தொடவில்லை.

எழுப்பித் திட்ட வேண்டும். தூங்கி எழட்டும்.