கோட்டு வாத்தியம் என்று நீங்கள் சொன்ன தட்டு

அன்பு நீங்காத மாமாவுக்கு,

உங்களைப் பற்றி உறுதியாகத் தெரிந்த கடைசிச் செய்தி இது. ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு ஊருக்கு நடந்து வந்த வழியில், அசாம் எல்லை மலைக்காட்டில், காலராவில் நீங்கள் இறந்துபோனீர்கள். சொன்னவர் உங்களோடு நடந்த கோட்டக்குப்பம் காதர் பாய். உங்கள் கண்ணை மூடியது அவர் கை. யுத்தம் முடியும்வரை கல்கத்தாவில் கிடந்துவிட்டு இப்போதுதான் ஊர் சேர்ந்திருக்கிறார். போன வாரம் அவர் வீட்டில் உட்கார்ந்து, திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

என்றைக்கு என்பது மட்டும் தெரியவில்லை. கிழமை கேட்டேன். "காட்டுல ஏது தம்பி கிழமை?" என்றார். திதியாவது கணிக்கலாமே என்று, "நிலா இருந்துச்சா பாய்?" என்றேன். "மழை தம்பி. விடாத மழை. வானத்தையே பாக்கல" என்று சொல்லித் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பத்திரிகையில் எத்தனையோ பேருடைய சாவை எழுதியிருக்கிறேன். தேதி இல்லாமல் வந்த மரணச் செய்தியை ஒருநாளும் அச்சுக்கு விட்டதில்லை. உங்களுடையதையும் விட முடியாது. அதனால்தான் கடிதம்.

அன்று திரும்பும்போது திண்டிவனத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிக் காபி ஓட்டலில் உட்கார்ந்தேன். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. கம்பியின் மேல் வழுக்கி, இழைந்து, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு விட மனமில்லாமல் போகிற அந்த நாதம். உங்கள் கிராமபோன் தட்டு, மாமா! முடிந்ததும் அறிவிப்பாளர் சொன்னார்: ஹவாய்த் தீவுகளின் பழைய இசை, வாசித்தது மடியில் கிடத்தி மீட்டும் கிட்டார்.

கோட்டு வாத்தியம் இல்லையாம், மாமா. கேட்டிருந்தால் ரேடியோக்காரனோடு சண்டைக்குப் போயிருப்பீர்கள், இல்லையா?

விழுப்புரம் ரயில்வே பட்டறையில் நீங்கள் ஃபிட்டராக இருந்த நாட்கள் அந்த ஓட்டலில் என்னைச் சூழ்ந்துகொண்டன. புதுச்சேரியில் பழைய கிராமபோன் வாங்கினீர்கள். அதோடு லேபிள் கிழிந்த ஒரு தட்டும் வந்தது. அக்கா மல்லாட்டை ஓட்டை உடைத்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டே கேட்டாள்: "யாரு இது, அழுதுக்கினே இருக்கறது?" நீங்கள் சொன்னீர்கள்: "அழலடி மரகதம். கோட்டு வாத்தியம். வீணை மாதிரி, கட்டைய வழுக்கி வாசிக்கறது. பெரிய வித்வான்." அதன் பிறகு தெருவுக்கே அது கோட்டு வாத்தியம்தான்.

திண்டிவனத்தில் என் கல்யாணம் நினைவிருக்கிறதா? நாகஸ்வரக்காரர்கள் வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது. என் மாமனார் பந்தலில் கையைப் பிசைந்துகொண்டு, "முகூர்த்தம் போய்க்கினு இருக்குதே!" என்று புலம்பினார். நீங்கள் கிராமபோனைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். "பேஜாரு பண்ணாதீங்க, ஜல்தி ஒதுங்குங்க. இதுவும் மங்கள வாத்தியந்தான்." கிராமபோன் ஊசி தேய்ந்திருந்தது. வேலியில் ஒரு கருவேல முள்ளை ஒடித்துச் செருகிச் சாவி கொடுத்தீர்கள். "கெட்டி மேளம்!" என்று புரோகிதர் கத்த, ஹவாய்க்காரன் வாசிக்க, நான் தாலி கட்டினேன்.

சாப்பாட்டு நேரத்துக்கு வந்த நாகஸ்வரக்காரர் அந்தத் தட்டைக் கேட்டுவிட்டு, "இது எந்த ராகமுங்க?" என்றார். "உங்களுக்குத் தெரியாத ராகம்னு ஒத்துக்கோங்களேன்" என்றீர்கள். பந்தி முழுக்கச் சிரித்தது. உங்கள் சிரிப்புத்தான் உரக்கக் கேட்டது.

அதற்கு அடுத்த வருஷம் ரங்கூன் துறைமுகப் பட்டறையில் வேலை என்று கப்பலேறினீர்கள்.

ஹவாயில் ஜப்பான் குண்டு போட்டதாக வந்த தந்தியை மொழிபெயர்த்தவன் நான். 'ஹவாய்' என்று என் கையால் எழுதினேன். எனக்கு அது வரைபடத்தில் ஒரு புள்ளி. என் கல்யாணத்தில் வாசித்தவன் ஊர் என்று அப்போது தெரியாது. அந்த மாதம் முடிவதற்குள் குண்டு ரங்கூனுக்கும் வந்துவிட்டது.

மறுநாள் விழுப்புரம் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழவில்லை. "ஹவாயோ கிவாயோ, எனக்கு அது கோட்டு வாத்தியந்தான்டா" என்றாள். பிறகு முள்ளைச் செருகி அந்தத் தட்டை வைத்தாள். கீறல் விழுந்த இடத்தில் முள் தாண்டியபோது உள்ளே எழுந்து போய்விட்டாள். மாமா, அவள் அழுத சத்தத்தை நான் வெளியே உட்கார்ந்து கேட்டேன்.

நாள் தெரியாவிட்டால் அமாவாசையில் காரியத்தை முடித்துத் தாலியைக் கழற்றிவிடலாம் என்கிறார்கள் உறவினர். அக்கா ஒப்பவில்லை. "அவரு போன நாளே தெரியாம நான் எந்த நாளுல கழட்டறது? ஊருக்கு ஒரு அமாவாசை, எனக்கும் அதேவா?"

மிச்சம் இருப்பது ஒரே ஒரு சாட்சி. உங்களுக்குக் குழி தோண்டிய கோலியனூர் ராமலிங்கம். "அவன் கிருத்திகைக்குக் கிருத்திகை பட்டினி கெடக்கறவன் தம்பி. சோறே இல்லாத காட்டுலயும் நாள் பாத்து, 'இன்னைக்குக் கிருத்திகை, எனக்கு வேணாம்'பான்" என்றார் காதர் பாய். ராமலிங்கத்துக்கு நாள் தெரிந்திருக்கும். கல்கத்தா மில்லில் இருக்கிறார். பொங்கலுக்கு ஊர் வருவதாகத் தகவல்.

விழுப்புரம் ஸ்டேஷனில் நானே நிற்பேன். அவர் பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, நீங்கள் போனது எந்தக் கிருத்திகைக்கு எத்தனை நாள் முன்பு, எத்தனை நாள் பின்பு என்று கேட்பேன். கிடைக்கிற நாளை அக்காவிடம் கொடுப்பேன். கிடைக்காவிட்டால் அவள் கழுத்தில் கை வைக்க யாரையும் விட மாட்டேன். அதுவரை அந்தத் தட்டும் வாசித்துக்கொண்டிருக்கும். முள்ளை நான் ஒடித்துக் கொடுக்கிறேன்.

நீங்கள் சாவி கொடுத்துக் கல்யாணம் செய்துவைத்த
உங்கள் மச்சினன்