கால் முளைத்த மீனின் படம்

1956 ஜூன் 18
எட்டாம் வகுப்பில் இன்று மீனுக்குக் கால் வந்த பாடம். இரண்டு பிரிவுக்கும் ஒரே படம்தான். காலையில் தமிழ்ப் பிள்ளைகளுக்காகச் செவுள், துடுப்பு, கால் என்று நான் படத்தில் பெயர்ச் சீட்டு குத்துவேன். மத்தியானம் ஓமனா டீச்சர் அதைக் கழற்றி மலையாளச் சீட்டைக் குத்துவாள். மீனுக்கு ஒரு வித்தியாசமும் கிடையாது.

ஜூன் 27
மிஷன் நூலகத்தில் ஒரு ஆங்கிலப் பத்திரிகை. தலை சுற்றுகிறது. கரையில் வாழத்தான் மீனுக்குக் கால் வந்தது என்று ஒன்பது வருஷமாகச் சொல்லிக் கொடுக்கிறேன். அப்படி இல்லையாம். குளம் வற்றினால் அடுத்த குளத்துக்கு ஊர்ந்து போக, தண்ணீரிலேயே இருக்கத்தான் அந்தக் கால் உதவியதாம். இதையும் எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லையாம். அப்போ எதைத்தான் சொல்ல? ஓமனாவிடம் சொன்னேன். படத்தில் இரண்டாவது குளம் ஒன்று வரைய வேண்டும்.

ஜூலை 20
எந்த ராஜ்யத்தில் வேலை பார்க்க விருப்பம் என்று கேட்டு வாத்தியார்களுக்குப் படிவம் வந்துவிட்டது. எங்கள் பாறசாலை இருக்கும் நெய்யாற்றின்கரை தாலுகா தமிழ்நாட்டோடு சேராது, மலையாளப் பக்கம்தான். நவம்பர் முதல் களியக்காவிளைதான் எல்லை. இங்கேயா, அங்கேயா என்று எழுதித் தர வேண்டும். இங்கே இருந்தால் தமிழ்ப் பிரிவு எத்தனை நாளைக்கு? பதினொரு பிள்ளைகள்தான். அதை மூடினால் நானும் மலையாளத்தில் பாடம் எடுக்க வேண்டும். நான் போனாலோ, அன்றே மூடிவிடுவார்கள்.

இவரிடம் கேட்டேன். தாலுகாவைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி நடந்த போராட்டத்தில் மூன்று மாசம் உள்ளே இருந்த மனுஷன். "எல்லைய நகத்தணும்னு ஜெயிலுக்குப் போனவனாக்கும் நான். அது நகரல்லேன்னு இப்போ நான் நகரவா?" என்றார்.

ஜூலை 21
போகணும்.

ஜூலை 22
வேண்டாம். சபையில் ஜெபத்துக்குக் கண்ணை மூடினாலும் மீன்தான் வருகிறது.

ஆகஸ்ட் 3
படத்தில் தமிழ்ச் சீட்டு ஒன்றுகூட இல்லை. ஓமனா வீட்டுக்கு எடுத்துப் போனாள் என்று பியூன் செல்லசாமி சொன்னான். அவளிடம் கேட்கவில்லை. எதுக்குக் கேக்கணும்? ஊரு அவங்களுக்குக் கிடைச்சாச்சு, இனி தமிழ்ச் சீட்டு எதுக்குன்னு நெனச்சிருப்பா. ஒரே பாத்திரத்துல தின்னவ.

சென்னை ராஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கோபத்தில் போட்டேனா, முன்னமே மனசில் இருந்ததா - தெரியவில்லை.

நவம்பர் 5
புதுப் பள்ளிக்கூடம் களியக்காவிளை தாண்டி. வீடு பாறசாலையில்தான். காலையில் பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் வருகிறேன். இந்த நாலு மைலுக்கா இத்தனை நாள் உறக்கம் கெட்டது? "நீ தவளையாக்கும்" என்று இவர் சிரிக்கிறார்.

நவம்பர் 17
சனிக்கிழமை. பழைய தமிழ்ப் பிரிவில் படித்த பிரேமகுமாரியைக் கடைவீதியில் பார்த்தேன். உங்களுக்கு இப்போ யார் எடுக்கிறது என்றேன். "ஓமனா டீச்சராக்கும். தமிழ்லதான்."

நேரே ஓமனா வீட்டுக்குப் போனேன். மேசை மேல் அந்தப் படம். பக்கத்தில் கோணல் கோணலான தமிழ் எழுத்தில் புதுச் சீட்டுகள்.

"எனிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதில்லே, ரத்னம் டீச்சரே. அதான் அன்னிக்குச் சீட்ட வீட்டுக்குக் கொண்டுவந்து எழுதிப் படிச்சது. ரெண்டுபேரும் பங்கிட்டு எடுத்தா பிரிவ மூடமாட்டாங்கன்னு நெனச்சேன். சொல்லுறதுக்கு முன்ன டீச்சர் படிவத்தில ஒப்பு இட்டாச்சு."

அவள் நீலப் பென்சிலை எடுத்தாள். "அந்த ரெண்டாமத்த குளம் எவ்வளவு தூரத்தில வரைக்கணும்?"

பக்கத்திலேயே போதும் என்றேன். அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.