கேட்டதாகச் சொன்னேன்

சிரோலோ,
அக்டோபர் 11, சனிக்கிழமை.

அன்புள்ள நாசரேனோவுக்கு,

நீயும் மிரெல்லாவும் உங்கள் மகள் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும். என் நலத்தைப் பற்றி எழுத இந்தத் தடவை கூச்சமாக இருக்கிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று மட்டும் வைத்துக்கொள்.

இங்கே நான்கு நாளாக மழை. நம் ரேடியோ சங்க அறையின் கூரை மறுபடி ஒழுகுகிறது. துய்லியோ பழைய பெயின்ட் வாளியை அலமாரிக்கு மேலே வைத்துவிட்டு, அதையே பழுதுபார்த்தது என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். சிப்பி பிடிக்கும் பருவம் முடிந்துவிட்டது. கடற்கரைக் கடைகளில் பாதி மூடியாயிற்று. என் இடது முழங்கால் மலையேறும்போது முனகுகிறது.

இப்படியே எழுதிக்கொண்டு போனால் பக்கம் தீர்ந்துவிடும். தீரட்டும் என்றுதான் எழுதுகிறேன் என்பதும் எனக்குத் தெரிகிறது. ஆகவே இத்தோடு நிறுத்திக்கொண்டு, சொல்ல வேண்டியதை ஆரம்பத்திலிருந்து வரிசையாகச் சொல்கிறேன். வரிசை தவறினால் நழுவிவிடுவேன். மூன்று வருடமாக அப்படித்தான் நழுவினேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஜூலைப் போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது, உன் பத்து கிகாஹெர்ட்ஸ் ரேடியோப் பெட்டியை என் வீட்டுக்குக் கொண்டுவந்தாய். காற்றில் டிஷ் ஆடினால் சத்தம் விட்டுவிட்டு வருகிறது என்றாய். நான் திறந்து பார்த்தேன். ஆன்டெனா இணைப்பில் உப்புக்காற்று புகுந்து பச்சை பிடித்திருந்தது. அதை வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போட்டேன். அரை மணி நேர வேலை. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

பெட்டி திறந்துதானே கிடக்கிறது, ரிலேயையும் துடைத்துவிடுவோம் என்று அதன் கம்பியைக் கழற்றினேன். ஆன்டெனாவைப் பேசும் பக்கத்துக்கும் கேட்கும் பக்கத்துக்கும் மாற்றி மாற்றிக் கொடுப்பது அந்த ஒரு ரிலேதான். அப்போது வாசலில் தபால்காரர் மணி அடித்தார். கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். கம்பியைத் திரும்பப் போடாமலே பேசும் பொத்தானை அழுத்தினேன். அனுப்பும் சக்தி முழுவதும் கேட்கும் பக்கத்துக்குள் போயிற்று. புகை இல்லை, வாசனை இல்லை. ஒரு நொடிதான்.

உடனே மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் டிஷ்ஷைச் சூரியன் பக்கம் திருப்பினேன். அந்தப் பெட்டியில் சூரியனின் இரைச்சலுக்கு மீட்டர் முள் ஆறு கோடு ஏறும் என்று நீ பெருமையாகச் சொல்வாயே, இரண்டுதான் ஏறியது. கேட்கும் பக்கத்தின் முதல் டிரான்சிஸ்டர் அரை உயிராகிவிட்டது. நம் சங்கத்தின் சோதனைச் சமிக்ஞை பக்கத்து மலையிலிருந்து வருவதால் அது நன்றாகவே கேட்டது. தூரத்துக் குரல் எதுவும் இனி அதற்குக் கேட்காது என்பது அப்போதே எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று நினைக்க உனக்கு இடம் கொடுக்க நான் விரும்பவில்லை.

மாற்று டிரான்சிஸ்டர் ஜெர்மனியிலிருந்து வர பத்து நாள் ஆகும். உனக்குப் போன் செய்து, நாசரேனோ, கெடுத்துவிட்டேன், போட்டிக்கு என் பெட்டியை எடுத்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். சங்கத்தில் எல்லோருடைய பெட்டியும் என்னிடம்தான் வரும். எல்வியோ கை பட்டால் எரிந்ததும் பேசும் என்பார்கள். அந்தப் பேச்சை நான் காசைவிடப் பெரிதாக வைத்திருந்தேன். மாலையில் நீ வந்தபோது, "புதுசு மாதிரி ஆயிடுச்சு, எடுத்துட்டுப் போ" என்றேன். நீ ஒரு ஜாடி அத்திப்பழ ஜாம் கொடுத்துவிட்டுப் போனாய்.

கோனேரோ மலையில், போட்டி நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை உனக்கு நினைவிருக்கும். கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் கிடந்தது. அல்பேனியாவில், துரெஸ் துறைமுகத்துக்கு மேலே பெஸ்னிக் தன் டிஷ்ஷோடு உட்கார்ந்திருந்தான். ஐந்நூற்று நாற்பது கிலோமீட்டர். இரண்டு கோடையாக நீங்கள் இருவரும் அந்தத் தொடர்புக்காகக் காத்திருந்தீர்கள். நீ ரேடியோவில் கூப்பிட்ட மறு நிமிடமே அவன் கைப்பேசியில் வந்தான். ஒலிபெருக்கியில் எல்லோரும் கேட்டோம். "நாசரேனோ, பக்கத்து வீட்டுல இருந்து பேசற மாதிரி இருக்கு! நான் ரேடியோவில பதில் சொல்றேன், கேக்குதா?" என்று கத்தினான்.

உனக்குக் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் ஹெட்போனை அழுத்திப் பிடித்திருந்தாய். ஒரு மணி நேரம் அப்படி இருந்தாய்.

"அல்பேனியாவுக்கே கேக்குது, இவருக்குக் கேக்கல. டமாரச் செவிடு கையில போய் ரேடியோவைக் குடுத்தா இப்படித்தான்" என்றான் துய்லியோ. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்போது நீ ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினாய். "எல்வியோ, நீ கேட்டுப் பாருடா. பெட்டியில கோளாறா, என் காதுல கோளாறா, ஒண்ணு தெரிஞ்சுடும்" என்றாய்.

நான் மாட்டிக்கொண்டேன். வெறும் இரைச்சல். அதில் பெஸ்னிக்கும் இல்லை, யாரும் இல்லை. இல்லை என்று சொன்னால் பெட்டியைத் திறப்பார்கள். திறந்தால் என் வேலை தெரிந்துவிடும். நான் தலையைச் சாய்த்து, கவனமாகக் கேட்பவன்போல் நடித்து, "மெல்லிசாத்தான் இருக்கு. ஆனா கேக்குதே" என்றேன்.

கேட்கவில்லை, நாசரேனோ. எனக்கும் கேட்கவில்லை.

இதை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். மீதியை எழுதுகிறேன்.

பிறகு என் டிஷ்ஷை உன் டிஷ்ஷுக்கு இரண்டடி தள்ளி வைத்து, நான்கு நிமிடத்தில் பெஸ்னிக்கோடு பேசிவிட்டேன். முதலில் கை கொடுத்தவன் நீதான். "காது குடுத்து வைக்கணும்டா" என்றாய். அந்த முதல் தொடர்புக்கான பலகை என் பெயரோடு மூன்று வருடம் சங்கச் சுவரில் தொங்கியது. வியாழக்கிழமைதோறும் அதற்கு எதிர்ப்பக்கமாகப் பார்த்து உட்காரப் பழகிக்கொண்டேன்.

டிரான்சிஸ்டர் பத்தாவது நாள் வந்தது. ஒருமுறை பார்த்துத் தருகிறேன், பெட்டியைக் கொடு என்று உன்னிடம் கேட்டேன். "பெட்டியில ஒண்ணும் இல்ல, நீயே கேட்டியே. கோளாறு எங்கேன்னு எனக்குத் தெரியும்" என்றாய். காது மருத்துவர் சோதித்து, வயதுக்கு நல்ல காது என்று எழுதிக் கொடுத்தும் நீ நம்பவில்லை. "கண்ணாடி ரூமுக்குள்ள எல்லாம் கேக்குது, மலை மேல கேக்கலையே" என்றாய். செப்டம்பரில் காஸ்தெல்ஃபிதார்தோ பட்டறைக்குப் போய், கேட்கத் தெரியாதவன் அக்கார்டியனுக்குச் சுருதி சேர்க்கக் கூடாது என்று சொல்லி, முப்பத்தெட்டு வருடம் உட்கார்ந்த நாற்காலியை விட்டு வந்தாய். அதை என்னிடம் சொன்னபோது நாம் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை. வசந்தத்தில் பெட்டியைச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டு குனேயோவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாய். அதற்குப் பிறகு பெட்டி என் கைக்கு எட்டும் தூரத்திலேயே அலமாரியில் இருந்தது. சரிசெய்தால், அதில் என்ன கெட்டிருந்தது என்று யாராவது கேட்பார்கள். அதனால் தொடவில்லை.

போன மாதம் இருபத்தொன்பதாம் தேதி மிரெல்லா எனக்குப் போன் செய்தார். அது உனக்குத் தெரியாது. நீ தொலைபேசிக்கே வருவதில்லை, பேத்தி வயலின் வாசித்தால் கடைசி வரிசையில் போய் உட்காருகிறாய் என்றார். அங்கேயும் காதைச் சோதித்து நல்ல காது என்றுதான் சொன்னார்களாம். அதைக் கேட்டு நீ, "காது சரின்னா அப்போ தலைதான் போயிட்டுது" என்றாயாம். இந்த மாதம் இருபத்திரண்டாம் தேதி மூளை மருத்துவரிடம் கூட்டிப்போகப் போவதாகச் சொன்னார். பிறகு, "எல்வியோ, நீங்கதான் அவரோட கூடவே இருந்தவரு. மலையில அன்னைக்கு அவரு எப்படி இருந்தாரு? அப்பவே ஏதாவது தடுமாற்றம் இருந்துச்சா? மறைக்காம சொல்லுங்க" என்று கேட்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமா மிரெல்லா, அப்பவே கொஞ்சம் தடுமாறினாரு" என்றேன்.

யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கேள்வி வந்தது, வாய் தானாகப் பொய் சொன்னது. அவர் மறுமுனையில் அழாமல் இருக்க முயன்றது எனக்குக் கேட்டது. நன்றி சொல்லிவிட்டு வைத்தார். நன்றி!

மறுநாள் சங்கத்துக்குப் போய்ப் பெட்டியை எடுத்துவந்தேன். டிரான்சிஸ்டர் என் இழுப்பறையில் உறை பிரிக்காமல் மூன்று வருடமாக இருந்தது. மாற்ற முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சூரியனுக்கு முள் ஆறு கோடு ஏறியது. போன சனிக்கிழமை காலை கோனேரோவுக்கு எடுத்துப் போனேன். பெஸ்னிக் உன் பெட்டியில் தெளிவாகக் கேட்டான். அவன் பின்னால் நாய் குரைத்ததுகூடக் கேட்டது. அவனிடம்தான் முதலில் உண்மையைச் சொன்னேன். கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவனிடம் சொல்வது சுலபம் என்று நினைத்தேன். அலை போய்விட்டதோ என்று டிஷ்ஷை ஆட்டிப் பார்த்தேன். கடைசியில், "என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? உன் பக்கத்துல நின்னவன்கிட்ட சொல்லு" என்று மட்டும் சொன்னான்.

அங்கிருந்து நேரே காஸ்தெல்ஃபிதார்தோ பட்டறைக்குப் போனேன். மேற்பார்வை பார்க்கும் செசிராவிடம், நாசரேனோவின் கடைசி வருட வேலை எப்படி இருந்தது என்று கேட்டேன். அவர் பதிவேட்டைக்கூடப் பார்க்கவில்லை. "அவரு சுருதி சேர்த்த அக்கார்டியன் ஒண்ணுகூடத் திரும்பி வரல. ஏன் போனாருன்னு இன்னைக்கு வரைக்கும் எங்களுக்குப் புரியல. போகாதீங்கன்னு கையைப் பிடிச்சுக் கேட்டேன்" என்றார். ஏன் என்று அவரிடமும் சொன்னேன். எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் வெளியே வந்தேன்.

நேற்று முன்தினம் சங்கத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்துப் போனேன். யாரும் திட்டவில்லை. துய்லியோ பலகையைக் கழற்றி மேசைமேல் குப்புற வைத்தான். "அன்னைக்கு நான் அவரைச் செவிடுன்னு சொன்னேன். தெரிஞ்சுக்கிட்டே நீ என்னைச் சொல்ல விட்டே" என்றான். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீரைக் கொட்டப் போய்விட்டான். இனிமேல் அவர்கள் தங்கள் பெட்டிகளை என்னிடம் கொண்டுவர வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டு வந்தேன். அப்படிச் சொல்லாதே என்று யாரும் தடுக்கவில்லை.

மிரெல்லாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவருக்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். இதுவும் கோழைத்தனமா, மரியாதையா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்; உன் கையில் சேர்ந்ததாகத் தகவல் வரும் நாளே அவருக்குப் போன் செய்வேன். அவர் பேச மறுத்தால் அவருக்கும் எழுதுவேன்.

மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கேட்டால், பதில் சொல்லும் பாரத்தையும் உன் தலையில் வைத்ததாகிவிடும். ஆகவே கேட்கவில்லை. நீ எனக்கு எழுத வேண்டாம். எழுதாமல் இருப்பதற்குக் காரணமும் தேட வேண்டாம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இருபத்திரண்டாம் தேதி மருத்துவரிடம் போகும்போது இந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போ. அவர் உன்னிடம் எதையும் கேட்பதற்கு முன்னால் இதை அவர் மேசைமேல் வை. என் பெயரை மறைக்காதே, எந்த வரியையும் விட்டுவிடாதே. மூன்று வருடத்துக்கு முன்னால் மலைமேல் உனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதற்கு அந்த ஹெட்போனில் ஒன்றும் இல்லை. அதைச் சரியாகச் சொன்னவன் நீ ஒருவன்தான். நீ தலை நிமிர்ந்து அந்த அறைக்குள் போக வேண்டும். பேத்தி வாசிக்கும்போது முன் வரிசையில் உட்கார வேண்டும். நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும்.

உன் நண்பன் என்று கையெழுத்திட உரிமை இல்லாதவனாகிவிட்ட,
எல்வியோ