குழுவில் ஓர் இடம்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகந்தானே? எனக்கு முழங்கால் வலி மட்டும். அறுபத்தெட்டு வயதில் கல்லூரி விடுதி வாழ்க்கை பழகிவிட்டது.

ஒரு சின்ன விஷயம். நால்வர் சேர்ந்து செய்யும் ஆய்வுக்கு என்னை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. வெள்ளிக்குள் குழு அமையாவிட்டால் பாடத்திலிருந்து நீக்கிவிடுவார்கள். உன் அப்பா போனபின் எனக்கென்று இருப்பது இந்தப் படிப்பு ஒன்றுதான்.

போன வாரம் ஒரு பெண்ணின் கட்டுரையில் பதினோரு தவறுகளை வகுப்பிலேயே எடுத்துச் சொன்னேன். இன்று அவள் குழுவில் இடம் கேட்டேன்.

"வேணாம் ஆன்ட்டி, நீங்க எங்களுக்கே மார்க் போடுவீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

என் சாம்பல் நிறச் சால்வையை அனுப்பு. வகுப்புக்கு நேரமாகிறது, இந்த மெயிலைப் பார்த்ததும் போன் செய். நாளை அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. உன்னிடம்கூட நான் கேட்டதில்லையே.

அம்மா